கேம்ஷாஃப்டும் கற்றுக்குட்டியும்

ஸ்பேனர் பிடித்து அதிகம் பழகாத ஒருவர், ஷெட்டில் நிற்கும் தன் ஸ்போர்ட்ஸ் காரின் கேம்ஷாஃப்டைத் தானே மாற்றப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் நல்ல மெக்கானிக் ஒருவரின் போன் நம்பரைக் கொடுப்பார்கள். எஞ்சினைத் திறப்பது ஆண்டுக்கணக்கில் கிரீஸில் ஊறிய கைகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. சில வேலைகளுக்கு அது உண்மையும்கூட. வெல்டிங், நசுங்கிய பாடியைத் தட்டி நிமிர்த்துவது, பெயின்ட் அடிப்பது ஆகியவற்றில் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் முதல் முயற்சி கோணலாகத்தான் வரும். கேம்ஷாஃப்ட் மாற்றுவதை அந்தப் பட்டியலில் சேர்ப்பது தவறு என்று நினைக்கிறேன். அது பெரும்பாலும் அளவெடுக்கிற வேலை. எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எந்த வரிசையில் அவிழ்க்க வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் எண்களாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. எழுதிவைத்த எண்ணை மதித்து நடக்கிற பொறுமை இருந்தால், கற்றுக்குட்டியும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து முடிக்கலாம். முடியாமல் போகிற இடங்களும் உண்டு. அவை பொதுவாகப் பயப்படும் இடங்களிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கின்றன.

கேம்ஷாஃப்ட் செய்யும் காரியத்தைப் பார்த்தால் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். நீண்ட இரும்புத் தண்டு ஒன்றில் முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக இருக்கும். தண்டு சுழலச் சுழல, ஒவ்வொரு புடைப்பும் தனக்குரிய வால்வை அழுத்தித் திறக்கும். புடைப்பு நகர்ந்ததும் ஸ்பிரிங் அந்த வால்வை மூடும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும் எரிந்த புகை வெளியே போவதும் இப்படித்தான் நடக்கின்றன. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 6 மில்லி விநாடிதான். இவ்வளவு குறைந்த நேரத்தில் காற்றுக்கும் ஒரு சோம்பல் இருக்கிறது. நகரத் தொடங்கிய காற்று சட்டென்று நிற்காது. அதனால் பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கிறார்கள். வேகத்தில் வந்துகொண்டிருக்கும் காற்று இன்னும் சிறிது உள்ளே நெருக்கிக்கொண்டு நுழையும். மெதுவாக ஓடும்போது இதே ஏற்பாடு கெடுதல் செய்கிறது, உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதியைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். எந்த வேகத்துக்குச் சாதகமாக எதை விட்டுக்கொடுப்பது என்று வடிவமைப்பாளர் எடுத்த முடிவுதான் அந்தப் புடைப்பின் வடிவமும் அது அமர்ந்திருக்கும் கோணமும். ஆகவே இரும்பைக் கழற்றி இரும்பை மாட்டுவது சின்ன வேலை. கோணத்தைக் காப்பாற்றுவதே பெரிய வேலை.

பொதுவாகப் பேசினால் இந்த வாதம் வழுக்கும். ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர் பெற்றது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இயக்கம். ஹிரோஷிமாவில் தயாரான இந்த வண்டி 2016 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தொட்டது. முதல் தலைமுறையில் வந்த 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன் தந்தது. இரண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு. அந்த எஞ்சின் மாஸ்டாவின் 323 என்ற சாதாரணக் குடும்பக் காரின் வம்சத்தைச் சேர்ந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்காக அதை நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். முன்சக்கர இயக்கக் காரில், கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் இருக்கும் பக்கம் மட்கார்டை ஒட்டி இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். இதில் அது ரேடியேட்டரைப் பார்த்தபடி நேர் முன்னால் இருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டால் பம்பருக்கு முன்னால் நின்றே வேலை பார்க்கலாம். இன்னொரு நல்ல செய்தி, இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் இடையே அந்த அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தொடக்கக்காரருக்கு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கச் சொன்னால் இதைவிட நல்லதாக அதிகம் கிடைக்காது.

பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. பிறகு கூலன்ட்டை வடிப்பது, குழாய்களைக் கழற்றுவது, வால்வு கவரைத் திறப்பது போன்றவை எந்தக் கையேட்டிலும் தெளிவாக இருக்கும். வேலை சூடுபிடிக்கும் இடம் கேம்ஷாஃப்டைப் பிடித்திருக்கும் தொப்பிகள். ஒவ்வொரு கேம்ஷாஃப்டையும் ஐந்து அலுமினியத் தொப்பிகள் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கின்றன. தனியாக பேரிங் எதுவும் கிடையாது. தண்டு நேராக அலுமினியத்திலேயே, நூறில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆயில் படலத்தின்மேல் சுழல்கிறது. தொழிற்சாலையில் தொப்பிகளை மாட்டிய நிலையில்தான் அந்தத் துளைகளைக் கடைந்திருப்பார்கள். அதனால் மூன்றாம் தொப்பி மூன்றாம் இடத்துக்கு மட்டுமே சொந்தம், அதுவும் ஒரே திசையில். தொப்பியின்மேல் எண்ணும் திசைக்குறியும் வார்த்திருப்பது இதற்காகத்தான். இனி அவிழ்க்கும் வரிசை. தண்டு எந்தக் கோணத்தில் நின்றாலும் ஏதோ இரண்டு மூன்று வால்வுகள் திறந்தே இருக்கும். அவற்றின் ஸ்பிரிங்குகள் தண்டைப் பல பத்துக் கிலோ விசையோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனையின் போல்ட்டுகளை முழுவதும் அவிழ்த்துவிட்டு மறுமுனைக்குப் போனால், அந்த விசை முழுவதும் தண்டை வளைக்கப் பார்க்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, முறியும். தண்டு தாங்கினால் தொப்பி விரிசல் விடும். கையேடு சொல்லும் வரிசையில், ஒவ்வொரு போல்ட்டையும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தால் தண்டு கிடைமட்டமாக, தானாக மேலே எழுந்து வரும். இதில் கைத்திறன் எங்கே இருக்கிறது? அவசரப்படாமல் வரிசையைப் பின்பற்றுவது தவிர வேறெதுவும் கேட்கப்படவில்லை. சொல்லப்போனால், அவசரப்பட அதிகக் காரணம் உள்ளவர் ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்தான்.

எல்லோரும் அஞ்சுவது டைமிங்கைத்தான். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்துவிட்டால்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கேம் புல்லியில் 48 பல் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது கேம்ஷாஃப்டில் ஏழரை டிகிரி, கிராங்க்‌ஷாஃப்டில் 15 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். அச்சம் நியாயமானது. ஆனால் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும் தவறு கிடையாது என்பதை அச்சப்படுபவர்கள் கவனிப்பதில்லை. எம்எக்ஸ்-5இன் புல்லிகளில் ஐ, இ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது உள்வால்வு கேமுக்கு, இரண்டாவது புகைவால்வு கேமுக்கு. கற்றுக்குட்டி தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இரண்டு புல்லிகளும் ஒரே அச்சு, இரண்டிலும் இரண்டு எழுத்துகளும் இருக்கும். எந்தத் தண்டின் முளை எந்த எழுத்துக்குரிய பள்ளத்தில் அமர வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஒர்க்‌ஷாப்களில் டிடிசி என்பார்களே, அந்த நிலையில் நிறுத்திப் பெல்ட்டை மாட்டினால், உள்கேமின் எழுத்துக்கும் புகைக்கேமின் எழுத்துக்கும் இடையே பெல்ட்டில் சரியாக 19 பல் இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கலாம். பதினெட்டோ இருபதோ வந்தால் தவறு, திரும்ப மாட்டு. பிறகு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். மாஸ்டாவின் கையேடு இதில் வேடிக்கையான துல்லியம் காட்டுகிறது: கிராங்க்‌ஷாஃப்டை ஒன்று முழுதும் ஆறில் ஐந்து பங்கும் சுற்றி நிறுத்து, அங்கே டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங் தானாகப் பெல்ட்டை இழுக்கவிட்டு இறுக்கு, பிறகு இன்னும் இரண்டு முழுதும் ஆறில் ஒரு பங்கும் சுற்று என்கிறது. வால்வு ஸ்பிரிங்குகள் கேமைச் சில கோணங்களில் முன்னாலும் சில கோணங்களில் பின்னாலும் தள்ளுகின்றன. அதற்கேற்பப் பெல்ட்டின் தொய்வு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் நிறுத்தி இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பெல்ட்டின் இறுக்கம் மாறும் என்பதால்தான் இவ்வளவு நுணுக்கம். எல்லாம் சுற்றி முடித்து மொத்தம் நான்கு சுற்று ஆன பிறகும் குறிகள் அதே இடத்துக்கு வந்து நின்றால் டைமிங் சரி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே, ஒரு சொட்டு பெட்ரோல் எரியாமலேயே, வேலை சரியா தவறா என்று தெரிந்துவிடுகிறது. அனுபவத்தைக் கேட்கும் வேலைகளுக்கு இப்படியொரு சோதனை வாய்ப்பதில்லை.

போல்ட்டை முறுக்குவதற்கு வருவோம், ஏனென்றால் கைப்பழக்கத்துக்காக வாதாடுபவர்களின் பலமான கோட்டை இதுதான். நல்ல மெக்கானிக்குக் கையே டார்க் ரெஞ்ச் என்பார்கள். போல்ட்டை முறுக்குவதன் நோக்கம் அதைச் சற்று நீட்டி, அந்த இழுவிசையால் இரண்டு பாகங்களை ஒட்டவைப்பது. நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவே தீர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மீதமுள்ள பத்துச் சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. இதன் விளைவைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மரையில் ஒரு துளி ஆயில் பட்டு உராய்வு சிறிது குறைந்தாலும், அதே முறுக்குக்குப் போல்ட்டின் இழுவிசை பெருமளவு கூடிவிடும். கை உணர்வது முறுக்கை மட்டுமே. இழுவிசையை எந்தக் கையாலும் உணர முடியாது. ஆகவே அனுபவசாலியின் கை தரும் நம்பிக்கை, பெரும்பாலும் உராய்வைப் பற்றிய நம்பிக்கை. டார்க் ரெஞ்சும் முறுக்கைத்தானே அளக்கிறது என்று திருப்பிக் கேட்கலாம். உண்மைதான், ரெஞ்சுக்கு அனுமதிக்கப்படும் பிழை கூட்டியோ குறைத்தோ நான்கு சதவீதம் என்றாலும், அதனால் முறுக்கிய போல்ட்டின் இழுவிசை இருபத்தைந்து முப்பது சதவீதம்கூட ஏறி இறங்கலாம். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தையும் எதிர்பார்த்துத்தான் கையேட்டின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள், மரை சுத்தமாக இருக்க வேண்டும், ஆயில் தடவு அல்லது தடவாதே என்ற நிபந்தனையோடு. கை அதன்மேல் தன் பிழையையும் சேர்க்கிறது. எம்எக்ஸ்-5இன் கேம் தொப்பி போல்ட்டுகளுக்கு விதித்திருப்பது 11 முதல் 14 நியூட்டன் மீட்டர். இது மிகச் சிறிய முறுக்கு, பெரிய கிராங்க் போல்ட்டுகளோடு பழகிய கைக்கு இது முறுக்கியது போலவே இருக்காது. இன்னும் கொஞ்சம் என்று தோன்றுகிற அந்த இடத்தில்தான் அலுமினிய மரை பிய்ந்து வெளியே வரும்.

அளவு பார்க்காமல் முறுக்குவதன் ஆபத்துக்கு இதே எஞ்சினின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1990, 1991இல் வந்த ஆரம்ப வண்டிகள் பலவற்றில் கிராங்க்‌ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருந்தது. புல்லியைப் பிடித்திருக்கும் நடுப்போல்ட்டும் சிறியது. சாவிப்பள்ளத்தில் அமர்ந்திருக்கும் சிறு சாவிக்கட்டை புல்லியின் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும் உள்ளது. சுமையைத் தாங்க வேண்டியது போல்ட்டின் அழுத்தம். போல்ட்டின் அழுத்தம் போதாமல் போனால் புல்லி நூலிழை அளவு அசையத் தொடங்கும், சாவிப்பள்ளம் அரைபடும், டைமிங் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், கடைசியில் கிராங்க்‌ஷாஃப்டையே மாற்ற வேண்டிவரும். டைமிங் பெல்ட் மாற்றுவதற்காக அந்தப் போல்ட்டை அவிழ்த்து, திரும்ப அளவு பார்க்காமல் முறுக்கியது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பிறகு மாஸ்டா முனையை நீளமாக்கி, போல்ட்டையும் பெரிதாக்கி, முறுக்கையும் சுமார் 110 நியூட்டன் மீட்டரிலிருந்து 160 வரை உயர்த்தியது. பெல்ட் மாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அனுபவம் வேகத்தைத் தருகிறது, அந்த வேகத்துக்குத்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். ஆனால் அளவெடுக்க வேண்டிய இடத்தில் அனுபவம் அளவுக்கு மாற்றாக வந்து உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது.

அப்படியானால் அனுபவத்துக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. முப்பது ஆண்டு பழைய வண்டியில் ஒரு போல்ட் துருப்பிடித்து அசையாமல் நிற்கும்போது, அது இன்னும் கொஞ்சம் விசைக்கு இசைந்து வருமா, இல்லை தலை முறிந்துவிடுமா என்பதை எந்தக் கையேடும் எண்ணாகச் சொல்லாது. முறுக்கிக்கொண்டே போகும்போது எதிர்ப்பு சட்டென்று மென்மையாவதைக் கை கண்டுகொண்டு நிறுத்துவது நூறு போல்ட்டைக் கெடுத்த பிறகு வருகிற அறிவு. கற்றுக்குட்டி தோற்பது இங்கேதான், டைமிங்கில் இல்லை. அவரிடம் இதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் நேரம்: துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே தெளித்து ஊறவிடலாம், போல்ட்டைச் சூடேற்றலாம், இறுக்கும் திசையில் கொஞ்சம் அசைத்துவிட்டு அவிழ்க்கலாம், அலுமினிய மரை போய்விட்டால் ஹெலிகாயில் என்ற சுருள்கம்பி மரையை வைத்து மீட்கலாம். அதுவும் முடியாதபோது அந்த ஒரு போல்ட்டுக்காக மெக்கானிக்கை அழைப்பதில் வெட்கமில்லை.

இடைவெளி விஷயத்தில் எழுத்தின் வலிமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கேமின் புடைப்புக்கும் வால்வுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்ற டேப்பெட் இருக்கிறது. வால்வு சூடேறி நீளும் என்பதால் நடுவே மிகச் சிறிய இடைவெளி தேவை. இல்லாவிட்டால் சூடான எஞ்சினில் வால்வு முழுவதும் மூடாது, கசியும் நெருப்பு வால்வின் விளிம்பை அரித்துவிடும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் டேப்பெட்டுகள் உண்டு. அவற்றைக் கழற்றியபின் எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில், ஆயிலில் நிமிர்த்தி வைத்துக் காத்தால் போதும். இரண்டாம் தலைமுறையின் 1.8 எஞ்சினில் அந்த வசதியை எடுத்துவிட்டு, வட்டத் தகடு வைத்த திட டேப்பெட் போட்டார்கள். புதிய கேம்ஷாஃப்டின் அடிவட்டம் பழையதைவிடச் சற்று மாறியிருந்தாலும் இடைவெளி மாறிவிடும். கேட்கும்போதே பயமுறுத்தும் இந்த வேலையின் சாரம் ஒரு கூட்டல் கழித்தல். உள்வால்வுக்கு வேண்டிய இடைவெளி 0.18 முதல் 0.24 மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து 0.31 என்று வந்தால், நடு அளவான 0.21ஐவிட 0.10 கூடுதல். இப்போதுள்ள தகட்டின் தடிமன் 2.80 என்றால், அதற்குப் பதில் 2.90 தகடு போட வேண்டும். புகைவால்வு இன்னும் அதிகம் சூடாவதால் அதற்கு இடைவெளியும் கொஞ்சம் அதிகம். பதினாறு வால்வுக்கும் ஒரு தாளில் அட்டவணை போட்டு எழுதிக்கொண்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் விடையைச் சொல்லிவிடும். ஃபீலர் கேஜ் சற்றே இழுத்துக்கொண்டு நகர வேண்டும் என்ற உணர்வு மட்டும்தான் பழக்கத்தால் வருவது. அதைப் பழகப் பதினாறு வால்வும் ஒரு மாலைப்பொழுதும் தாராளம். இந்த அறிவெல்லாம் எழுத்தாகிச் சாதாரணமானவர்கள் கைக்கு வந்து நெடுநாளாகிறது. 1966இல் பிரிட்டனில் வெளிவந்த முதல் ஹெய்ன்ஸ் பழுதுபார்ப்புக் கையேடே ஒரு சிறு ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான், ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு. வண்டியை முழுதாகப் பிரித்து, திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து எழுதும் அந்தப் பாணி, ஒர்க்‌ஷாப்பின் ரகசியம் என்று கருதப்பட்டதில் பெரும்பகுதி வெறும் வரிசைதான் என்று காட்டிவிட்டது.

சரியாக மாட்டிய கேம்ஷாஃப்டும் சீக்கிரமே கெட்டுப்போவதுண்டு, அதற்குக் காரணம் முறுக்கோ கோணமோ இல்லை, வேதியியல். புடைப்பின் மூக்கு டேப்பெட்டின்மேல் உராயும் இடம் மிகக் குறுகிய ஒரு கோடு; ஸ்பிரிங்கின் விசை முழுவதும் அந்தக் கோட்டில் குவிகிறது. ஆயில் படலம் மட்டும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானத்தை ஆயிலில் சேர்க்கிறார்கள்; சுருக்கமாக இசட்டிடிபி என்பார்கள். உராய்வின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, இரும்பின்மேல் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள கண்ணாடி போன்ற படலமாகப் படிகிறது. தேய்வது அந்தப் படலம், இரும்பு பிழைக்கிறது. சிக்கல் என்னவென்றால், புகையோடு வெளியேறும் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நஞ்சூட்டுகிறது. அதனால் கார்களுக்கான ஆயிலில் பாஸ்பரஸைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் மெல்லிய ரக ஆயில்களுக்கு உச்சவரம்பு 0.08 சதவீதம். இதனால் அதிகம் அடிவாங்கியவை பழைய அமெரிக்க வி-8 எஞ்சின்கள். 1986 வரை வந்த கார்வெட்டுகளில் தட்டை டேப்பெட்தான். 1987இல்தான் உருளை வைத்த டேப்பெட்டுக்கு மாறினார்கள். தட்டை டேப்பெட்டோடு புதுக் கேம்ஷாஃப்ட் போட்டால், முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சினை 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும், ஐட்லிங்கில் விடக்கூடாது என்பது விதி. அந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க்‌ஷாஃப்ட் வாரியிறைக்கும் ஆயில். மெதுவாகச் சுற்றினால் அந்த இறைப்பு போதாது. முதல் சில நிமிடங்களில் வறண்டு உராய்ந்த புடைப்பு பிறகு எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் தேறாது. எம்எக்ஸ்-5 இந்த அளவுக்குக் கண்டிப்பானதல்ல, ஆனாலும் மாட்டும்போது புடைப்புகளில் அதற்குரிய பசையைத் தாராளமாகப் பூசிவிட்டே தொப்பியைப் போட வேண்டும். முன் தொப்பியின் விளிம்பில் தடவும் சிலிக்கான் சீலன்ட்டில் மட்டும் தாராளம் காட்டக்கூடாது. பிதுங்கி உள்ளே போனது ஆயில் துளையை அடைத்தால் அதுவே எமன்.

எம்எக்ஸ்-5 சொகுசான உதாரணம், பெல்ட் விலகினால் வால்வு வளைந்துவிடும் எஞ்சின்களில் இந்தத் தைரியம் செல்லுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. போர்ஷே 944 அந்த ரகம். அதில் ஒரே ஒரு கணம் கிராங்க்‌ஷாஃப்டைத் தப்பான நேரத்தில் சுற்றினாலும் வால்வு பிஸ்டனில் முட்டும். ஆனால் அங்கேயும் காப்பது இதே கையால் சுற்றும் சோதனைதான். மெதுவாகச் சுற்றும்போது எதிலாவது இடித்து நின்றால், அங்கேயே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் எதுவும் கெடாது; நீளமான ரெஞ்சைப் போட்டுத் தள்ளினால் கெடும். இதிலும் தொடக்கக்காரருக்குத் தேவை துணிச்சலைவிடத் தயக்கம். பெராரி எஃப்355 வேறு கதை. அதன் பெல்ட்டை முறைப்படி மாற்றவே எஞ்சினை வண்டியின் அடிவழியே இறக்க வேண்டும். அறிவு போதும், ஷெட் போதாது. 2001 முதல் எம்எக்ஸ்-5இன் 1.8 எஞ்சினிலேயே உள்கேமின் கோணத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் ஏற்பாடு வந்துவிட்டது, அதைப் பூட்டிக் கழற்ற வேறு படிகள் உண்டு. ஆகவே எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் எல்லோருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வண்டியில் வேலை முழுதும் எழுத்தில் இருக்கிறதோ, எங்கே ஸ்டார்ட் செய்யும் முன்பே தவறு கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த வண்டி தொடக்கக்காரருக்கு உகந்தது.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், டைமிங் லைட் எல்லாம் வாங்கினால் முதல் முறை மிச்சமாவது கொஞ்சம்தான். பணத்துக்காக இறங்குபவர் ஏமாறுவார். திறனைக் கூட்டுவதற்காக அதிக நேரம் திறந்திருக்கும் கேம்ஷாஃப்ட் வாங்குபவர்கள் இன்னும் எளிதாக ஏமாறுவார்கள். 1.6 எஞ்சின் உள்ளே வரும் காற்றை ஒரு மடல் கதவு எவ்வளவு திறக்கிறது என்று பார்த்து அளக்கிறது. உள்வால்வும் புகைவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டால், குறைந்த வேகத்தில் காற்று முன்னும் பின்னும் அலைந்து அந்தக் கதவைத் தடுமாற வைக்கும். கணினி தப்பான அளவு பெட்ரோலைத் தெளிக்கும். போதாக்குறைக்கு, கேம் தூக்கும் உயரம் கூடினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மாஸ்டா விட்டிருந்த இடமும் குறையும், மோதாத எஞ்சின் மோதும் எஞ்சினாகலாம். ஸ்பேனர் வேலையைக் கச்சிதமாக முடித்தவரும் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடும்போது செய்த தவறால் கெட்டுப்போகலாம். முதல் முறை செய்பவர் தொழிற்சாலை அளவுள்ள தண்டையே போடுவது நல்லது.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்ததும் டேப்பெட்டுகள் கடகடவென்று சத்தம் போடும். கழற்றியபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறி ஆயில் நிரம்பும்வரை அப்படித்தான் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி மறுபடி திறக்கத் தேவையில்லை. இக்னிஷன் டைமிங்கைத் திரும்ப வைப்பதுதான் கடைசி வேலை. கேம்ஷாஃப்டின் பின்முனையில், எஞ்சினுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கை நுழையத் தயங்கும் இடத்தில், கேமின் கோணத்தைக் கணினிக்குச் சொல்லும் சென்சார் இருக்கிறது. அதை மாட்டும் முன் அதன் ரப்பர் வளையத்தை மாற்றிவிட வேண்டும். பழைய வளையம் ஆயிலை ஒழுகவிட்டு, எஞ்சினின் பின்பக்கமெல்லாம் நனைத்து, பெரிய சீல் போய்விட்டதோ என்று பலரை அலைக்கழித்திருக்கிறது. எஞ்சின் சூடானதும் டயக்னோஸ்டிக் பெட்டியில் டென் என்றும் கிரவுண்ட் என்றும் குறித்த இரண்டு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்து, ஐட்லிங்கை 850 சுற்றுக்கு வைத்து, டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியின்மேல் அடித்தால், புல்லியின் குறி உச்சிக்குப் பத்து டிகிரி முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சென்சாரின் போல்ட்டைத் தளர்த்தி, உடலைச் சிறிது திருப்பி, குறி வந்து நின்றதும் இறுக்கிவிட்டு, இறுக்கியதில் நகர்ந்துவிட்டதா என்று லைட்டை மறுபடியும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்.